அண்ணியின் கூலி

அண்ணியை நினைத்தால், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் சாப்பாட்டுக்கடையில், இடியப்ப உரலை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு நிற்கும் உருவம்தான் முதலில் வருகிறது. விடியுமுன் அடுப்படிக்குள் நுழைந்தால், மதியச் சோறு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்க்கும் வரை உட்கார மாட்டார்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் அரிசி மூட்டை வாங்கவே அண்ணன் திண்டாடுவார். நான் கணக்கீடு படித்தவன் என்பதால், காசு எங்கே போகிறதென்று பார்க்கச் சொன்னார். அரிசி, தேங்காய், கேஸ், சம்பளம் என்று மொத்தமாகக் கூட்டுவதை விட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் செலவைத் தனித்தனியாகப் பிரித்தேன். இடியப்பம் பிழிய, தேங்காய் திருவ, பார்சல் கட்ட, பாத்திரம் கழுவ எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு கேஸ் எரிகிறது, யாருடைய கை உழைக்கிறது என்று அடுப்படியிலேயே நின்று பார்த்தேன். ரொட்டி ஒன்றுதான் தன் செலவைத் தானே தாங்கியது. இடியப்பமும் சோறும் லாபம் போலத் தெரிந்ததற்குக் காரணம், அந்த வேலைகளில் பெரும்பகுதிக்கு நாங்கள் சம்பளமே கொடுக்காததுதான்.

அண்ணியின் உழைப்புக்கும் ஓர் ஆள் கூலி போட்டுக் காட்டினேன். அண்ணன் சிரித்தார். “வீட்டுப் பொம்பளைக்கு யாருடா சம்பளம் போடுவாங்க? அத அடிச்சிடு.”

உள்ளேயிருந்து அண்ணி கேட்டார். “என் கூலியச் சேத்தா கடை நட்டமா தம்பி?”

“ஆமாங்க அண்ணி.”

அவர் கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவர். “எங்கம்மா மாதிரி கொழுந்தெடுக்கப் போயிருந்தாக்கூட, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல எம்பேரக் கூப்பிட்டிருப்பாங்க” என்றார்.

விலையைக் கூட்டவோ இடியப்பத்தை நிறுத்தவோ அண்ணன் இணங்கவில்லை. ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களாம்.

சில மாதங்களில், கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்கென்று அண்ணி கிளம்பிவிட்டார். பஸ் ஏற்றிவிட நான் மட்டும்தான் போனேன். “அங்கயும் இதே வேலைதான் தம்பி. ஆனா மாசம் முடிஞ்சா கையில குடுப்பாங்க” என்றார். அழவில்லை.

அண்ணன் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்தார். நான் போட்டுக் காட்டிய நட்டம் அப்படியே கண்முன் வந்து நின்றது. அடுத்த மழைக்காலம் முடியுமுன் கடையைச் சாத்தினோம். இன்று அங்கே கைப்பேசி விற்கிறார்கள். தீபாவளிக்குக்கூட அண்ணி வருவதில்லை.

போன வாரம் அண்ணன் திடீரென்று கேட்டார். “நீ அந்தக் கணக்கப் போடாம இருந்திருந்தா, அவ இருந்திருப்பா இல்லடா?”

“ஆமாண்ணே. சாகுற வரைக்கும் இருந்திருப்பாங்க” என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.