ரொட்டி அடுப்பில் காய்ந்த மிளகாய்

இன்று ஜாலான் புசார் தெருவில் ரொட்டி வேகும் வாசனை வந்ததும் எனக்கு எச்சில் ஊறவில்லை, தும்மல்தான் முட்டிக்கொண்டு வந்தது.

இப்போது இரும்புச் சாமான் கடை இருக்கும் இடத்தில், என் ஏழு வயதில், எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி நாகூர்க்காரர் ஒருவரின் ரொட்டிக்கடை இருந்தது. அவருடைய செங்கல் அடுப்பின் சூட்டில் எங்கள் அடுப்படிச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், நான் அதில் முதுகைச் சாய்த்தபடி மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வருஷம் மழை விடவேயில்லை. ஊரிலிருந்து கப்பலில் வந்த, ஒரு வருஷத்துக்கான மிளகாய் மூட்டைக்குள்ளேயே நமுத்துப்போக, அம்மா ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இங்கே கொண்டாங்க தங்கச்சி. ரொட்டி எடுத்தப்புறம் அடுப்பு சும்மாதானே கிடக்கு” என்றார் ரொட்டிக்காரர்.

மறுநாள் மிளகாய் கலகலவென்று காய்ந்து வந்தது. சூட்டோடு மூடினால் வேர்த்துவிடும் என்று அம்மா அதை நன்றாக ஆறவிட்டுத் தகர டின்னில் அடைத்தாள். ஆனால் அடுப்பில் தங்கிய நெடி ரொட்டியில் ஏறி, வாங்கியவர்களெல்லாம் தும்மினார்கள். ரொட்டிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா வெட்கத்தில் வெளியே தலைகாட்டவில்லை.

மூன்றாம் நாள் ஒருவர் வந்து, “அந்தக் கார ரொட்டி இன்னிக்கு இல்லையா?” என்று கேட்டார்.

அதன்பிறகு மழைக்காலம் வந்தால், மிளகாய் எப்போது வரும் என்று ரொட்டிக்காரரே கேட்பார்.

இன்று ஒரு ரொட்டி வாங்கிவந்து, அந்த நெடி ஏறட்டும் என்று என் மிளகாய் டின்னுக்குள் வைத்து மூடியிருக்கிறேன். ரொட்டியின் ஈரம் மிளகாய்க்கு ஆகாதுதான். ஒரு ராத்திரிதானே அம்மா, காலையில் எடுத்துவிடுகிறேன்.