சுத்தமாகக் களை எடுத்த மேடு

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் களை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும். நான் சுரண்டியோடு இறங்கினால் அங்கே ஒரு புல் மிஞ்சாது. குன்னூருக்கும் ஜெகதளாவுக்கும் நடுவே இருந்த அந்த எஸ்டேட்டில் ஒன்பது பெண்களை வைத்து வேலை வாங்கியவள் நான். அந்தக் கைச் சுத்தம்தான் ஒரு நாள் என் மானத்தை வாங்கியது.

எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, மலைமடிப்புக்குள், ஒரு சோலை இருந்தது. என்றும் பச்சை மாறாத பழங்காடு. சுற்றிலும் இருந்த சோலையை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வெட்டித் தேயிலையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் வைத்துவிட்டார்கள். சரிவு செங்குத்தாக இருந்ததால் இந்தத் துண்டு மட்டும் தப்பியது. அதன் காலடியில் ஓர் ஊற்று. லைனில் அத்தனை வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான். சோலை ஓரம் ஓரமாகக் காய்ந்து சுருங்க, ஊற்றும் மெலிந்துகொண்டே வந்தது. மாசி பங்குனியில் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் நிற்க வேண்டும். வரிசையில் சண்டை வராத நாள் கிடையாது. என் தலைமுடியே ஒரு கைப்பிடி அதில் போயிருக்கிறது.

குன்னூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து சோலைக்குள் எதையோ எழுதிக்கொண்டு போவார். சோலையைக் கொஞ்சம் கீழே பரவ விட்டால் ஊற்று பிழைக்கும் என்று மேனேஜரிடம் நடையாய் நடந்து கேட்டார். மேனேஜரை நாங்கள் துரை என்போம். சோலையை ஒட்டி, கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய பிறகு முள் புதராக உண்ணிச்செடி மண்டிக்கிடந்த மேடு ஒன்றைத் துரை காட்டினார்.

"ரெண்டு மழைக்காலம் தர்றேன். மரம் வந்தா சரி. வரலேன்னா மறுபடி தேயிலைதான்" என்றார்.

உண்ணிச்செடியை வெட்டும் வேலை எங்கள் பத்துப் பேருக்கு வந்தது. ஆடிச் சாரலில் நனைந்துகொண்டே வெட்டினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் உண்ணி முடிந்தது. அடியில் பார்த்தால் விரல் நீளத்திலும் சாண் உயரத்திலும் என்னென்னவோ செடிகள். இதை இப்படியே விட்டுப் போனால் என் பேர் என்ன ஆவது?

"ஏனுங்க்கா, டீச்சரம்மா உண்ணிய மட்டுந்தானுங்களே எடுக்கச் சொன்னாங்க?" என்றாள் எங்களில் இளையவள்.

"படிச்சவங்களுக்குக் களையப் பத்தி என்ன புள்ள தெரியும்? எடு சுரண்டிய" என்றேன்.

சாயங்காலத்துக்குள் மேடு கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி ஆகிவிட்டது. பிடுங்கியதை எல்லாம் ஓரத்தில் குவித்துவிட்டு இறங்கினோம்.

மறுநாள் டீச்சர் வந்தார். பாராட்டுவார் என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அவர் மேட்டைப் பார்த்தார். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் போச்சா?"

"ஒண்ணு விடலீங்க டீச்சர். அத்தனையும் வேரோட எடுத்தாச்சுங்க" என்று நான் வேறு பல்லைக் காட்டினேன்.

அவர் குவியலில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "இது காட்டு நாவல். இது செண்பகம். எல்லாம் பறவை போட்ட விதை. உண்ணி நிழல்ல பனிக்குக் கருகாம ஒளிஞ்சு வளர்ந்திருக்கு. சோலை மரம் வெட்டவெளியில வராது. இந்தச் சாண் உயரத்துக்கே வருசக்கணக்காயிருக்கும். இதுகளை வளர விடத்தான் நான் இந்த மேட்டையே கேட்டேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அத முன்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கென்னங்க?" என்று கத்தினேன்.

"சொல்லியிருக்கணும். உங்களுக்குக் களைன்னா எது எதுன்னு நான் யோசிக்கல. தப்பு என்னோடது" என்றார்.

லைன் தண்ணீரை நானே சுரண்டிப் போட்டுவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே சில்லென்று ஈரம். விடிய விடியப் பெய்த சாரலில் வேரெல்லாம் மண்ணோடு நனைந்து கிடந்தது. தேயிலை நர்சரியில் வேரே இல்லாத ஒற்றை இலைத் துண்டைப் பையில் குத்தித் துளிர்க்க வைத்தவள் நான். இதற்கு வேர் இருக்கிறதே!

"பொழைக்கும்டி! வாங்க எல்லாரும்" என்று கூப்பிட்டேன்.

பத்துப் பேரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்தோம். செடியின் பேர் ஒன்றும் தெரியாது. ஆனால் விரலில் உருட்டினால் களைத் தண்டு கொழகொழவென்று இருக்கும், மரக்கன்று கெட்டியாக நிற்கும். இருபது வருடம் கொழுந்து கிள்ளிய விரலுக்கு அது போதும். நர்சரிப் பைகளில் மண் நிரப்பி நட்டு, மேலே பெரணி இலையால் பந்தல் போட்டோம். மறுநாள் ஞாயிறு, லீவு. ஒருத்தியும் வீட்டில் இருக்கவில்லை.

பாதிக்கு மேல் செத்துப்போனது. காலையில் வாடிய பையைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொள்வேன், சில நாள் அழுதும் இருக்கிறேன். மார்கழிப் பனிக்குச் சாக்குப் போர்த்திக் காத்த மிச்சத்தில் தை கடைசியில் சிவப்புத் துளிர் வந்தது. அடுத்த மழைக்கு அவற்றை மேட்டில் நட்டோம். மறுபடி தலைகாட்டிய உண்ணியில் கொஞ்சத்தை நிழலுக்கு விட்டுவைத்தோம்.

இரண்டாவது மழையும் முடிந்து துரை பார்க்க வந்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத கன்றுகள், நடுநடுவே புல்லும் பெரணியும். அவர் முகம் கோணியது.

"என்ன இது? ஒரே களையா கெடக்கு. ரெண்டு மழைக்கு இதுதானா?"

டீச்சர் ஏதோ சொல்லத் தொடங்கினார். கேட்டுக்கொண்டே துரை குனிந்து காலடியில் இருந்த ஒரு செடியைப் பிடுங்கப் பிடித்தார். கண்ணில் பட்ட களையைப் பிடுங்கும் பழக்கம் எஸ்டேட்டில் இருக்கிற யாருக்கும் உண்டு. அது நாங்கள் நட்டது இல்லை. அந்த மழையில் தானாக முளைத்த நாவல்.

என் கை எப்போது எழுந்தது என்று தெரியவில்லை. பட்டென்று அவர் புறங்கையில் அடித்துவிட்டேன்.

வேலையும் போச்சு, லைன் வீடும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை.

"அது மரமுங்க தொரை. தெரியாம நான் ஒருக்கா புடுங்கிட்டேன். நீங்களும் புடுங்கிராதீங்க."

துரை புறங்கையைத் தடவிக்கொண்டே அந்த நாவலைப் பார்த்தார். "நீங்க நட்டதா?"

"இல்லீங்க. அதுவா வந்துச்சுங்க."

"இன்னும் இருக்கா?"

உட்கார்ந்து காட்டினேன். பெரணிக்குள் ஒன்று, பாறையை ஒட்டி ஒன்று, அவர் பூட்ஸ் பக்கத்திலேயே இரண்டு. அவரும் மெல்லக் குந்தினார். எழுந்தபோது, "இங்க தேயிலை வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கன்றெல்லாம் மரமாகி ஊற்று பெருக என் ஆயுசு போதாதுதான். போதாவிட்டால் போகிறது.

இறங்கும்போது துரை ஒவ்வோர் அடியையும் தரையைப் பார்த்துப் பார்த்து வைத்தார்.