அக்கா தனக்கென எடுத்துக்கொண்ட இரண்டு வருடங்கள்

அக்காவின் இந்த நினைவு மலரில் எனக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். தேவாரங்கள் அச்சாகிவிட்டன. படத்தைச் சின்னக்கா தெரிவுசெய்து கொடுத்துவிட்டார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வரும் உங்கள் கைகளில் இது கிடைக்க வேண்டுமானால் நாளைக்குள் நான் எழுதி முடிக்க வேண்டும். அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகத்துக்கு அறிக்கை எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மட்டக்களப்புக்குத் தெற்கே களுவாஞ்சிகுடியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தவர் சின்னக்கா. அக்காவுக்கு ஏழு வயதானபோது நான் பிறந்தேன். அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தார். அக்காவின் பத்தொன்பதாவது வயதில் அப்பா காய்ச்சலில் தவறிவிட்டார். அதற்கு மேல் அக்கா படிக்கவில்லை. தட்டச்சுப் பழகி, உதவி அரசாங்க அதிபர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவரது சம்பளத்தில்தான் நாங்கள் இருவரும் படித்தோம். சம்பந்தம் பேசி வந்தவர்களிடம், "தங்கச்சிட அலுவல் முடியட்டும்" என்றார். பிறகு, "தம்பியக் கரை சேர்க்கணும்" என்றார். அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.

ஊரில் நிலைமை மோசமாகியபோது அக்கா தனியாகக் கனடாவுக்கு வந்தார். முதல் வேலை, விமானங்களுக்கு உணவு பொதிசெய்யும் இடத்தில், குளிரூட்டிய அறைக்குள் எட்டு மணிநேரம் நின்றுகொண்டு. பின்னேரங்களில் படித்து, ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை எடுத்தார். அங்கே முப்பத்தாறு வருடங்கள் முதியவர்களைக் குளிப்பாட்டினார், உணவூட்டினார், படுக்கையில் புரட்டிவிட்டார். அம்மாவையும் சின்னக்காவையும் என்னையும் ஸ்பொன்சர் செய்து எடுத்தார். அஜின்கோர்ட்டில் இரண்டு அறை அப்பாட்மென்றில் நாங்கள் நால்வரும் இருந்தோம். ஓர் அறை அம்மாவுக்கும் சின்னக்காவுக்கும். மற்றது படிக்கிற பிள்ளை என்று எனக்கு. அக்கா எட்டு வருடங்கள் ஹோலில் சோபாவில் படுத்தார். அம்மாவின் கடைசி நான்கு வருடங்களில், வேலையிடத்தில் செய்ததையே வீட்டுக்கு வந்தும் செய்தார்.

இவை உங்களில் பலருக்குத் தெரிந்தவை. இனி எழுதப்போவது தெரியாதது, அல்லது பிழையாகத் தெரிந்தது.

அக்காவுக்கு அறுபத்தாறு வயதானபோது வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது எனக்கு ஐம்பத்தொன்பது. நானும் என் மனைவியும் எங்கள் ஓய்வுக்காலத்தை ஓர் ஆலோசகரிடம் போய்த் திட்டமிட்டிருந்தோம். அறுபத்தைந்து வரை வேலை. அதன்பின் பனிக்காலம் முழுவதும் வெளிநாட்டில். கோடைக்கு மார்க்கம் வீட்டில். நாங்கள் இல்லாத மாதங்களில் வீட்டை அக்கா பார்ப்பார். மகளுக்குப் பிள்ளை பிறந்தால் பிள்ளையையும் அக்கா பார்ப்பார். இதற்காகவே பேஸ்மென்றில் தனிக் குளியலறையோடு அவருக்கு ஓர் அறை கட்டினேன். யன்னலைப் பெரிதாக்கினேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய விடயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற வாரம் எங்கள் வீட்டில் ஒரு மதிய விருந்து வைத்தோம். கேக் வெட்டிய பிறகு எல்லோர் முன்னிலையிலும், "அக்கா இனி எங்களோடதான்" என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். அக்கா சிரித்தார். விருந்தினர் போனபின் அவர் குசினியில் நின்று மிச்சச் சோற்றை டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, சாமானெல்லாம் எப்ப ஏத்துவம்? சனிக்கிழம ட்ரக் எடுக்கவா?" என்றேன்.

"தம்பி, நான் வரல்ல."

"வரல்லயெண்டா?"

"சீனியர் பில்டிங்ல எனக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. ஒரு ரூம். அஜின்கோர்ட்லதான். ஏழு வருசத்துக்கு முன்னமே பேர் குடுத்து வச்சனான்."

"ஏழு வருசமா? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லையே!"

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

"தனிய இருந்து என்னக்கா செய்யப் போறீங்க?"

"எழும்புவன். தேத்தண்ணி குடிப்பன். பிறகு பாப்பம்."

"பகிடி விடாதீங்க. உங்களுக்கு ஏதும் நடந்தா? சனம் என்ன சொல்லும்? தம்பிக்காரன் பார்க்கல்ல எண்டு என்னையெல்லா சொல்லும்."

அக்கா டப்பாவின் மூடியை நாலு பக்கமும் அழுத்தினார். "சொல்லும்தான். அதுக்காக நான் உன்ட பேஸ்மென்ற்ல வந்து இருக்கேலாது மனே. நான் ஒரு நாளும் ஒரு கதவப் பூட்டித் திறந்து என்ட வீடு எண்டு போனதில்ல."

அக்கா போனபின் என் மனைவி சொன்னார்: "அவ கேட்டாவா? நீங்களாத்தானே கட்டினீங்க."

நான்கு மாதங்கள் நான் அக்காவோடு பேசவில்லை. அவர் புது இடத்தில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த நாளிலும் போகவில்லை. மனைவியும் சின்னக்காவும் எனக்குச் சொல்லாமல் போய் வந்தார்கள். சிலர் என்னிடம் அக்காவைப் பற்றிக் கேட்டபோது, "அவவுக்குத் தனிய இருக்கத்தான் விருப்பமாம்" என்று சொன்னேன். எந்தக் குரலில் சொன்னேன் என்பது கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்.

ஐந்தாவது மாதம் வரிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வேண்டுமென்று அக்கா கூப்பிட்டார். போனேன். ஆறாம் மாடி. சிறிய வரவேற்பறை, ஒரு கட்டில், ஒரு சாமித்தட்டு, இரண்டு கதிரைகள். குளியலறைக் கம்பியில் ஒரு நீல நிற நீச்சலுடை காய்ந்துகொண்டிருந்தது. அது யாருடையது என்று நான் கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"என்டதான். செவ்வாயும் வியாழனும் கொமியூனிற்றி சென்ரர்ல நீந்தப் பழகிறன். எதிர்வீட்டு டொறீன்தான் கூட்டிக்கொண்டு போறவ."

களுவாஞ்சிகுடிக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியிராதவர் அக்கா. டொறீன் கயானாவிலிருந்து வந்தவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவரும் அந்தக் கோடையில் ஹாலிஃபக்ஸுக்கு றெயினில் போய் வந்தார்கள். அங்கே உறவினர் யாரும் இல்லை. கல்யாணவீடோ செத்தவீடோ இல்லாமல் அக்கா போன முதல் பயணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும், "என்னக்கா பார்த்தீங்க?" என்று கேட்டேன். "கனக்கப் பார்த்தன்" என்றார். அவ்வளவுதான். பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர்களுக்கெல்லாம், "அது தன்ட பாட்டில போகுது" என்பார்.

அடுத்த வருடம் என் மகளின் பிரசவ விடுமுறை முடிந்தது. பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் இடமில்லை. மனைவி வேலையை விட முடியாத நிலை. பிள்ளையைப் பார்க்க வரும்படி அக்காவைக் கேட்டேன்.

"ஒரு வருசம் மட்டும், அக்கா."

"திங்கள் வாறன். ஒம்பதரைக்கு வந்து மூண்டு மணிக்குப் போயிருவன்."

"மிச்ச நாள்?"

"மிச்ச நாளைக்கு நீ இருக்காய்தானே."

"நான் வேலைக்கெல்லோ போறன்."

"அப்ப யோசி."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்தேன். ஆறு மாதம் வெளிநாட்டில் இருக்கும் திட்டத்தை நாங்கள் தாளில்தான் பார்த்திருந்தோம். என் மனைவிக்கு அதில் விருப்பமே இல்லை என்பது அப்போதுதான் கேட்டுத் தெரிந்தது. அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கேட்டேன். சரிவரவில்லை. திட்டமிட்டதற்கு நான்கு வருடங்கள் முன்பாகவே வேலையை விட்டேன். அறுபத்தொரு வயதில் பிள்ளைக்கு டயப்பர் மாற்றப் பழகினேன். என் சொந்த மகளுக்கு அதை நான் செய்ததில்லை. அந்த நாட்களில் அதையும் அக்காதான் செய்தார்.

ஏழு மாதங்கள், ஒவ்வொரு திங்களும் அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார். நான் காரில் ஏற்ற வருகிறேன் என்றால் மறுத்துவிடுவார். பேத்தி நித்திரையானதும் நாங்கள் இருவரும் குசினி மேசையில் சாப்பிடுவோம். அதற்கு முன் நானும் அக்காவும் தனியாக இருந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் பரிமாறுவார், நான் சாப்பிடுவேன்; அதுதான் வழக்கமாக இருந்தது. இப்போது நான் சமைத்தேன். உப்புக் குறைவு என்றால் சொன்னார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நான் கோபித்திருந்த அந்த நான்கு மாதங்களைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த திங்கள் பேசலாம் என்று ஒன்றிரண்டு தடவை நினைத்தேன்.

மாசி மாதத்தின் ஒரு திங்கள், ஒன்பதரைக்கு அக்கா வரவில்லை. பனி கொட்டியிருந்தது, பஸ் பிந்தியிருக்கும் என்று நினைத்தேன். பத்து மணிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. பத்தரைக்குப் பேத்தியைக் காரில் இருத்திக்கொண்டு போனேன். டொறீன் தன் கதவைத் திறந்து, முதல்நாள் மாலை அக்காவோடு தேத்தண்ணீர் குடித்ததாகச் சொன்னார். கட்டட மேற்பார்வையாளர் திறப்போடு வந்து அக்காவின் கதவைத் திறந்துவிட்டார். அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அதன் பிறகு பேத்திக்குப் பசி வந்துவிட்டது. டொறீன் வீட்டில் இருத்தி, கொண்டுபோன சோற்றைத் தீத்தினேன். பொலிஸ் வரும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இரண்டு கரண்டிக்கு ஒரு தடவை வாயைத் துடைத்துவிட்டேன். அன்று நடந்தவற்றில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அதுதான்.

நித்திரையிலேயே இதயம் நின்றிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் என்று கேட்டேன். அடுத்த அறையில் இருந்தாலும் தெரிந்திருக்காது என்றார். அதை நான் நம்புகிறேனா என்று இன்னும் தெரியவில்லை.

இறுதிக்கிரியையில் ஓர் உறவினர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனிய விடாம உங்களோடயே வச்சிருந்திருக்கலாம்" என்றார். பலர் அப்படி நினைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுத ஒத்துக்கொண்டேன். அக்காவை நாங்கள் தனியே விடவில்லை. அக்காதான் போனார். நான் மறித்தேன், கோபித்தேன், அவர் போனார். ஏழு வருடங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் காத்திருந்து, தன் பெயரில் ஒரு கதவை வாங்கிக்கொண்டு போனார். அங்கே இரண்டு வருடங்கள் இருந்தார். நன்றாக இருந்தார். நீச்சல் பழக்கிய பெண் இறுதிக்கிரியையன்று ஈரத் தலைமயிரோடு நேரே வகுப்பிலிருந்து வந்து பெட்டியருகே நின்றார். அக்கா கடைசி மாதங்களில் நீச்சல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் போவார் என்று எனக்குச் சொன்னார். அதை நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

எங்களுக்குத் துணை நின்றவர்களை இங்கே குறிப்பிட வேண்டும். அன்று பேத்தியை மாலைவரை தன்னோடு வைத்திருந்த டொறீனுக்கும், பொலிஸார் போகும்வரை வாசலில் நின்ற மேற்பார்வையாளருக்கும், பராமரிப்பு இல்லத்திலிருந்து வேலை உடுப்போடு வந்த பழைய சக ஊழியர்களுக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், எட்டாம் நாள் கிரியைவரை எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய சின்னக்காவின் நண்பிகளுக்கும், பனியில் கார் ஓட்டி வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சின்னக்கா இந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, யாரையாவது விட்டுவிட்டாயா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அக்காவுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. சொல்லாமல் விட்டோம் என்றுகூட இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. எந்த இடத்தில் சேர்ப்பது என்று சின்னக்காவுக்கும் தெரியவில்லை. கடைசியில் எழுது என்றார்.

அக்காவுக்கும்.

தம்பி
மார்க்கம்