தள்ளுபடிக்கு ஊதிய சங்கு

ராபர்ட்சன்பேட்டை மாலில் கண்மணி வைத்திருந்தது ஒரு சின்ன நைட்டிக் கடை. அப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. கட்டினவனும் பாதியில் போய்ச் சேர்ந்தான். பெரிய மகளைக் கட்டிக் கொடுத்ததும், சின்னவளைக் காலேஜில் படிக்க வைப்பதும் அந்தக் கடைதான். அந்த மால் பற்றி யாராவது குறை சொன்னால் கண்மணி சண்டைக்கு நிற்பாள்.

திறந்த புதுசில் ஊரே திரண்டு வந்த மால் அது. ஓடும் படிக்கட்டில் ஏறப் பயந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர்! அப்புறம் என்ன ஆச்சு? விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் துணிமணியையும் அங்கேயே வாங்கி வந்தார்கள். மற்றவர்களுக்கு போனைத் தட்டினால் வீட்டுக்கே வந்தது. சினிமா மூடியது, படிக்கட்டு நின்றது, கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கண்மணி ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தீபாவளிக்குக் கூட்டம் வராவிட்டால் இடத்தைக் கல்யாண மண்டபமாக்கிவிடுவேன் என்று மால் முதலாளி சொல்லிவிட்டார். கூட்டம் சேர்க்க பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான் சரத், புது மேனேஜர். வந்ததும் "தங்க வேட்டை சேல்" என்று பேனர் கட்டினான்.

"ஆன்ட்டி, சூப்பர் ஐடியா. பழைய மைன்ஸ் சங்கு சவுண்டு கெடச்சிருக்கு. ஒவ்வொரு ஆஃபருக்கும் ஊதப் போறோம்."

கண்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா தம்பி பேசறீங்க? ஷிப்ட்டு நேரம் இல்லாத நேரத்துல சங்கு ஊதினா, உள்ள யாரோ மாட்டிக்கினாங்கன்னு அர்த்தம். வேணாம், ஊதாதீங்க."

"மைன்ஸ் மூடி எவ்ளோ வருஷம் ஆச்சு! டென்ஷன் பேடா, வேணாம் ஆன்ட்டி" என்று சிரித்துவிட்டுப் போனான். சிரிக்காமல் என்ன செய்வான்? இழவு விழுந்தது அவன் வீட்டிலா?

சேல் அன்று கூட்டம் நிஜமாகவே வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கண்மணியின் கடையில் நிற்க இடமில்லை. வெயில் ஏறின நேரம், ஸ்பீக்கரில் சங்கு அலறியது.

அளவு பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சுரங்கம் மூடியாச்சு என்று மண்டைக்குத் தெரியும், கால் கேட்டால்தானே! கண்மணியும் ஓடினாள். வாசலைத் தாண்டி, மூஞ்சியில் வெயில் அடித்த பிறகுதான் நின்றாள். அப்பா செத்து நாற்பது வருஷம் ஆகிறது, யாரைத் தேடி ஓடுகிறோம்? அவமானம் பிடுங்கித் தின்றது.

சேலுக்கு வந்து, மாடியிலிருந்து ஓடி இறங்கிய பார்வதம்மா அந்த நின்றுபோன படிக்கட்டில் உருண்டு கீழே கிடந்தாள். தம்பியைச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்தவள். "எந்த ஷாப்ட்டுடீ, எந்தக் குழியில? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டபடி எழப் பார்த்தாள். முட்டி விடவில்லை.

சரத் மைக்கோடு வாசலுக்கு ஓடி வந்தான். "ஆன்ட்டி, நீங்க சொன்னா கேப்பாங்க. சும்மா விளம்பரம்தான்னு சொல்லி உள்ள கூப்பிடுங்க. உங்க கடைக்கு நான் கேரண்ட்டி." இன்னொரு கையில் போன். பெண்கள் ஓடினதை வீடியோ எடுத்திருக்கிறான், பாவி!

கண்மணி மைக்கை வாங்கினாள். சின்னவளின் முகம் கண்முன் வந்து போனது.

"அக்கா, அண்ணே, எல்லாம் கேட்டுக்கோங்க. எங்கியும் ஒண்ணும் ஆவல. எங்கப்பன் செத்தப்போ ஊதின சங்க, இவன் பனியன் விக்க ஊதறான். யாரும் உள்ள வராதீங்க. இங்க ஒரு கர்ச்சீப்பு கூட வாங்காதீங்க. என் கடையிலயும் வாங்காதீங்க!"

பார்வதம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூட்டம் கலைந்தது. ஒருத்தர்கூட உள்ளே திரும்பவில்லை. கண்மணி மட்டும்தான் போனாள், நைட்டிகளை மூட்டை கட்ட.