மெல்பர்னில் வேலை முடிந்திருக்கும்

"இந்நேரம் மெல்பர்ன்ல வேலை முடிஞ்சிருக்கும்" என்றபடி துளசிங்கம் பாய்லருக்குள் இன்னொரு கூடை உமியைக் கொட்டினார். திருத்தணியில் வெயில் இப்போதுதான் உச்சி தாண்டியிருந்தது.

உலக யுத்தம் முடியும்வரை சரக்குக் கப்பல்களின் அடித்தட்டு அடுப்பில் கரி அள்ளிப் போட்டவர். இப்போது மலையடிவாரத்து அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறார். அனலில் கருகிப்போன இடது புருவம் திரும்ப முளைக்கவே இல்லை. டீயில் பால் விட்டால் தொடமாட்டார்.

கண்ட துறைமுகங்களையெல்லாம் வேலை விடும் நேரத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். "மெல்பர்ன்ல மணி அடிச்சா, மூட்டை பாதியில தொங்கிகினு இருந்தாலும் அவன் பாட்டுக்குக் கோட்டு மாட்டிகினு போறான். லண்டன்ல ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சிது. வூட்ல படுத்துகினே கூலி வாங்கினான், சட்டம் அப்படி. ரங்கூன்ல நம்மாளுக்கு முறிஞ்சிது, அன்னிக்கே வேற ஆளு." ஒரே கப்பலில், ஒரே அடுப்பில், வெள்ளைக்காரனுக்கு ஒரு சட்டமும் அவருக்கு ஒரு சட்டமும் இருந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

களத்தில் நெல் காயவைக்கும் மணியம்மை கே.ஜி.கண்டிகையில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிறவள். "அங்கெல்லாம் புள்ள பெத்தவளுக்கு என்னா சட்டம், நைனா?" என்று ஏக்கத்தோடு கேட்பாள்.

"லீவு குடுப்பாங்களாம். கேட்டதுதாம்மா, கண்ணால பாக்கல" என்பார். கூட்டிச் சொல்லத் தெரியாது.

போன வாரம் அரக்கோணத்தில் ரயில் பெட்டி சரக்குக்குக் காத்திருந்தது. பொழுது சாய்ந்தும் ஆலை முதலாளி பக்தவச்சலம் யாரையும் விடவில்லை. பால் கட்டி மணியம்மையின் ரவிக்கை நனைந்திருந்தது.

"புள்ள அழுவும்ங்க, போறேன்."

"போனா நாளைக்கு வராதே."

துளசிங்கம் உமிக்கூடையைக் கவிழ்த்து வைத்தார். "இருட்டிகினு வருதுங்க. எல்லாரையும் வுட்டுடுங்க. இனிமே நான் உமி போடமாட்டேன்."

"இது என்னா சீமையா?"

"சீமையா இருந்தா நான் ஏங்க கேக்கப்போறேன்?"

பாய்லரின் இரைச்சல் மெல்ல அடங்கியது. பக்தவச்சலம் வாய்க்குள் ஏதோ திட்டினார். "சரி, அவ மட்டும் போவட்டும்" என்றார். மணியம்மை கண்டிகைப் பாதையில் ஓடினாள். மற்றவர்கள் முதலாளி முகத்தைப் பார்த்தபடி மூட்டைகளுக்கு நடுவே நின்றார்கள்.

துளசிங்கம் வாசலுக்குப் போய் அங்கே கிடந்த கருங்கல்லில் உட்கார்ந்தார். பிறகு உள்ளே நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டார்.