எழுபதுக்குள்ளே

இடது கை விசிறியைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வலது கையில் சன்னல் கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் பிரஷ். உலோகத் தகடுகளின் இடுக்கில் அதை நுழைத்து நுழைத்து இழுக்க, கீழே விரித்த செய்தித்தாளில் வைக்கோல் தூசும் பதரும் உதிர்கின்றன. கடைசியில் ஒரு முழு நெல்மணியே விழுகிறது. கை அதைப் பொறுக்கி, எதிர் நாற்காலியில் இருப்பவரிடம் நீட்டுகிறது.

"என்னண்ணே இது, கம்ப்யூட்டரா, குதிரா?"

நன்னிலத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார் ஹமீதா பானு. கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவர் அனுப்பிய கம்ப்யூட்டர் பெட்டி கெட்டபோது, சரிசெய்யக் கொடுத்த இடத்தில் நாளை நாளை என்று இழுத்தடித்தார்கள். எரிச்சலில் திரும்ப வாங்கிவந்து தானே கழற்றினார். திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை. அது தெரிந்தபோது இதுவே தொழிலாகிவிட்டிருந்தது.

எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், குழந்தையின் கழுத்தைத் தொடுவதுபோல. பிறகு ஒரு சாப்ட்வேரை ஏற்றுவார். புராசசர் எவ்வளவு சூடாக இருக்கிறது, விசிறி என்ன வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு வேலை நடக்கிறது எல்லாம் அதில் கோடு கோடாக ஓடும். அவர் பார்க்கும் ஒரே சீரியல் அதுதான் என்று கீழ்க்கடையில் கேலி செய்கிறார்கள். கணவர் போனில் வந்தாலும், "கொஞ்சம் இருங்க, எழுபதைத் தாண்டுது" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிடுவார். பாவம், ஷார்ஜாவில் காசு ஓடிக்கொண்டிருக்கும். சூட்டுக் கோடு எழுபது டிகிரிக்குள் அடங்காமல் எந்தப் பெட்டியும் மாடிப்படி இறங்காது. "சும்மா நிக்கிறப்ப எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான். வேலை குடுத்துப் பாக்கணும்ல?"

இன்று வந்திருப்பது தங்கையனும் அவர் மனைவி தங்கமணியும். விவசாயக் குடும்பம். மகன் குணசேகரன் சிங்கப்பூரில் இருந்து இந்தக் கம்ப்யூட்டருக்குப் பணம் அனுப்பி, வீட்டுக்கு பிராட்பேண்டும் போடவைத்தான். ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசுவார்கள். மழை, மாடு, மருமகள் எல்லாம் விசாரித்து முடித்ததும் மகன் ஆரம்பிப்பான்: "நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்கப்பா." தங்கையன் வாயைத் திறக்கவும் திரை இருண்டு பெட்டி அணைந்துவிடும். தொடர்ந்து மூன்று ஞாயிறும் அதே இடத்தில்.

"நான் கோவத்துல சுவிட்ச அமுக்கிட்டேங்குறான் தங்கச்சி. இப்ப கூப்புடுறதே இல்ல. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான்."

"கோவம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா நான் அமுக்கல."

சுத்தம் செய்த பெட்டியில் கோடு ஐம்பத்தைந்தில் சாதுவாகப் படுத்திருந்தது. ஹமீதா பானுவுக்குத் திருப்தியில்லை. வீட்டில் எப்படி வைத்திருப்பீர்கள் என்று கேட்டார். தங்கமணி பையிலிருந்து அரக்கு வெல்வெட் உறை ஒன்றை எடுத்தார். ஓரமெல்லாம் மாங்காய் எம்பிராய்டரி. வயர் வர ஒரு சின்ன ஓட்டை, மற்றபடி நாலு பக்கமும் மூடல்.

"ஓடுறப்பவும் இதோடதானா அண்ணி?"

"பின்ன? அறுப்பு நேரத்துல தெறந்து போட்டா தூசி அடையாதா? புள்ள வாங்கிக் குடுத்தது."

ஹமீதா பானு உறையை வாங்கிப் பெட்டிக்கு மாட்டினார். கோடு அறுபது, எழுபது என்று ஏறியது. எண்பத்தைந்தைத் தொட்டதும் பெட்டி பொட்டென்று அணைந்தது.

"பாத்தீங்களா? ஜொரக்காரனுக்குக் கம்பளி போத்தியிருக்கீங்க."

தங்கமணி உறையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்குன்னு மொட்டையாவா நிக்கும்?"

ஹமீதா பானு கத்திரிக்கோலை எடுத்தார். தங்கமணியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "மாங்காயத் தொட மாட்டேன்" என்றார். காற்றுத் துளைகள் வரும் இடங்களை வெட்டி எடுத்துவிட்டுக் கொசுவலையை வைத்துக் கையால் தைத்தார். ஒரு பக்கம் தையல் கோணலாயிற்று. யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் பிரித்துத் திரும்பத் தைத்தார்.

பிறகு உறையை மாட்டி, கேமராவைச் செருகி, தன் கடைப் போனிலிருந்து குணசேகரனைக் கூப்பிட்டார். புது நம்பர் என்பதால் எடுத்தான். கொஞ்ச நேரத்தில் திரையில் வந்தான், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

"இன்னிக்கு எப்ப அமுக்கப் போறீங்க?"

"அடேய், அதுவா அணையுதுடா."

மழையும் மாடும் மருமகளும் முடிந்தன. ஹமீதா பானு குணசேகரனின் பக்கமே திரும்பவில்லை. திரை மூலையில் ஓடும் கோட்டில்தான் கண்.

"நெலத்தப் பத்திப் பேசுங்கண்ணே. அங்கதான அணையும்? பாக்கணும்."

தங்கையன் தொண்டையைச் செருமினார். "குத்தகைக்கு விட மாட்டேன்டா. நான் இருக்குறவரைக்கும் நான்தான் நடுவேன்."

மூவரும் திரையையே பார்த்தார்கள். திரை அணையவில்லை.

"அப்பா... இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. எங்க போவேன்?"

"முட்டி வலிக்குதுன்னு அம்மா சொல்லுது, நீங்க நடுவேங்குறீங்க!"

"அவ சொல்லுவா!"

"நல்லா சண்டை போடுங்க," என்றார் ஹமீதா பானு. "அறுபத்தாறுதான்."

தேநீர் வந்து ஆறிப்போகும்வரை போட்டார்கள். நிலத்தைப் பற்றி ஒரு முடிவும் வரவில்லை. அடுத்த ஞாயிறு பேசலாம் என்று குணசேகரன் சொன்னபோது, தங்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசியின்மேல் பழி போட்டார்.

கோடு இறங்கி அடங்கியதும் ஹமீதா பானு வயரைக் கழற்றினார். உறையை உருவிவிட்டுப் பெட்டியைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துத் தங்கையனிடம் தூக்கிக் கொடுத்தார். உறையை மட்டும் அவரிடம் தரவில்லை. நாலாக மடித்து, வலை வைத்த பக்கம் மேலே தெரியும்படி, தங்கமணியின் இரண்டு கைகளிலும் வைத்தார்.