அக்கா கண்டிக்குப் போன பிறகு

கண்டியில் அந்தப் பயிற்சி வகுப்பின் முதல் நாள் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வெளியே மழை. பக்கத்துக் கதிரையில் இருந்த, அன்றுதான் அறிமுகமான அக்கா, மவுஸின் மேல் உள்ளங்கையை அழுத்தாமல் வைத்திருந்தார், கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தையின் தலையைத் தேடுகிறவரைப் போல. திரையில் கோடு ஒன்று எழும்பியதும் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் மடுல்கெல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவ மாது. நான் கம்பளைப் பக்கத்தில் அதே வேலை. தாய்மார், பிள்ளைகளின் விவரங்களைக் கணினியில் பதிந்து, எங்கே என்ன குறை என்று பார்க்கப் பழக்குவதற்காக எங்களை அழைத்திருந்தார்கள். அக்காவின் தோட்டத்துக் குழந்தைகளின் எடைக் கோடு சில மாதங்கள் ஏறிப் பிறகு சரிந்தது.

"பாருங்க தங்கச்சி, தாய்மார் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கினதும் புள்ளைங்க எடை இறங்குது."

அந்தக் கோட்டைக் காட்டித்தான், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்க வைத்தார். பிறகு கண்டி சுகாதார அலுவலகத்திலேயே தரவுப் பிரிவுக்கு அவரைக் கேட்டார்கள். மகள்மார் கண்டியில் படித்தார்கள். மேடு ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. வேண்டாமென்று சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லை.

அவருடைய இடத்துக்கு வந்தது ஒரு சிங்களப் பிள்ளை. அன்பானவள். மழையிலும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினாள். தமிழ் மட்டும் நாலைந்து சொல்தான் தெரியும்.

ஒருமுறை தோட்டங்களிலிருந்து வந்த விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, இறந்து பிறந்த குழந்தைகளுக்கான கட்டத்தில், தன் பழைய தோட்டம் ஒன்றுக்கு நேரே '1' என்று இருப்பதை அக்கா கண்டார். அங்கே யார் எப்போது பெறுவாள் என்று அவருக்குத் தெரியும்; அது யாருடைய குழந்தை என்றும் புரிந்துவிட்டது. எனக்குப் போன் எடுத்து, "தங்கச்சி, ஞாயித்துக்கிழம என்கூட வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தோட்டத்துக்குப் போனோம். குழந்தையை இழந்த பெண் எங்களைக் கண்டு எழும்பப் பார்த்தாள். அக்கா அவளை இருத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு மிஸ். கண்ணுக்கு முன்னால பூச்சி பறந்துச்சு. அந்தப் புது மிஸ் வந்து நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல, தலைய ஆட்டிட்டேன். நீங்கன்னா சொல்லியிருப்பேன்."

அவை கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறிகள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் பேச்சில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும் என்று பிறகு நினைத்தேன். மறுவாரமே அவர் பழைய இடத்தைக் கேட்டு எழுதினார். அங்கே ஆள் இருக்கிறது, இங்கே உங்களைப் போல ஆள் இல்லை என்றார்கள். இரண்டும் உண்மைதான்.

இப்போது புதிதாக வரும் மருத்துவ மாதுமாருக்கு அக்காதான் கணினி பழக்குகிறார். வரைபடம் காட்டுவதற்கு முன், தலையிடி, கண் மங்கல் என்பவற்றுக்கான தமிழ்ச் சொற்களைச் சொல்லிக் கொடுத்து, ஒவ்வொருவரையும் சொல்ல வைக்கிறார். போன மாதம் நானும் அந்த வகுப்பில் பின்னால் இருந்தேன். தேநீர் இடைவேளையில், இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்ல வேலதான் தங்கச்சி," என்றார். "எல்லாத் தோட்டமும் எனக்குத் தெரியுது. நடந்து முடிஞ்ச பொறகுதான் தெரியுது."

பிறகு கோப்பையை வைத்துவிட்டு வகுப்புக்குள் போனார்.